கடன்பட்டு நேத்தி தீர்க்கலாமோ? வைகாசிப் பொங்கலுக்கு முந்தின ஒரு விவாதம்

மட்டுறுத்துனர்: முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் நெருங்குது. நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் இன்னும் கடன்பட்டுத் தூக்குக்காவடி (முதுகிலை கொழுக்கி குத்தித் துலாவிலை தொங்கிற காவடி) எடுக்கிறது சரியோ? கஷ்டகாலத்திலை நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கிறது பெரிய நேத்தியோ (நேர்த்திக்கடன்), வீட்டு விளக்கோ? சொந்தக்கதை வேண்டாம், விசயத்தைக் கதையுங்கோ.

முள்ளியவளையான்: வைச்ச நேத்தி வைச்சதுதான். அது தனிமனிசக் கும்பிடும் இல்லை. பாக்குத்தெண்டல் (பாக்குச் சேர்க்கிற சடங்கு), முல்லைத்தீவுக் கடலிலை தீர்த்தமெடுப்பு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலிலை ஒரு கிழமை உப்புநீர் விளக்கு (கடல்தண்ணி விட்டு எரிக்கிறது), அங்கை பொங்கல், அடுத்தது திங்கட்கிழமை அம்மாளிட்டைப் பொங்கல். ஒவ்வொண்டுக்கும் ஆள் வேணும். சிதறின ஊரைத் திரும்பக் கூட்டினது இந்தச் சடங்குதான். வீட்டு மூலையிலை கொளுத்துற விளக்கு அதைச் செய்யாது.

கடன்கணக்கு: ஊர் கூடுறதை ஆர் அண்ணை வேண்டாமெண்டது? தூக்குக்காவடிச் செலவைப் பிரிச்சுப் பாருங்கோ: உழவு இயந்திரம், துலா (ஆளைத் தொங்கவிடுற மரம்) கட்டுற கூலி, செடில் (கொழுக்கி) குத்துறவர், மேளம், கூட வாற சனத்துக்குச் சாப்பாடு. 50,000 ரூபாவை மாதம் 3 வீத வட்டிக்கு எடுத்தால் மாதம் 1,500. வருசத்துக்கு வட்டி மட்டும் 18,000, முதல் அப்பிடியே கிடக்கும். குழுக்கடன் எண்டால் இன்னும் மோசம். கிழமைக் கட்டு ஒண்டு தவறினால் மற்றப் பெண்கள் அந்தக் காசைப் போடவேணும். பிறகு அந்த மனுசி அவையின்ரை முகத்துக்குப் பயந்து கோவில் வீதிப்பக்கமே வராது.

அதோடை கோவில் கதையை யோசியுங்கோ. எண்ணெய் இல்லையெண்டு மாடு மேய்ச்ச பொடியள் சொல்ல, கடல்தண்ணியை விட்டுக் கொளுத்தச் சொன்னவ கிழவியா வந்த அம்மாள். எண்ணெய்க்குக் கடன் வாங்கச் சொல்லேல்லை.

முள்ளியவளையான்: கதையைப் பாதியிலை நிப்பாட்டாதையும் தம்பி. பொடியள் தங்கடை கையிலை இருந்ததிலை பொங்கியும் குடுத்தவை. இல்லையெண்டு கையைக் கட்டிக்கொண்டு நிக்கேல்லை.

மடுறோட்: கோவிலுக்கே போக ஏலாத காலத்தை மறந்திட்டியள். 2008 ஏப்ரலிலை மன்னார் மடு தேவாலயத்து மடுமாதாவின்ரை சுரூபமே (சிலையே) தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து ஆகஸ்டிலைதான் திரும்பினது. அப்பிடியான நேரத்திலை கைகுடுக்கிறது நாள்முறைச் செபம். செபமாலைக்கு மணியே தேவையில்லை, பத்து விரல் போதும். ஐந்து பத்து, தொடக்கத்திலை மூண்டு, மொத்தம் 53 அருள்நிறை மந்திரம். சில பேர் துக்கம் வந்த கையோடை நாளுக்கு மூண்டு செபமாலை எண்டு தொடங்குவினம், ரெண்டாம் கிழமை நிண்டுபோகும். பிறகு குற்ற உணர்ச்சியிலை பூசைக்கும் போகாயினம். களைச்ச நாளிலை ஒரு பத்து மட்டும் சொல்லுங்கோ, ஆனால் ஒரே நேரத்திலை சொல்லுங்கோ. அடுப்பிலை உலை வைச்ச கையோடை எண்டு பழகினால் மறக்காது.

முள்ளியவளையான்: செபம் சரி. எங்கடை ஆக்கள் உடம்பாலை கும்பிட்டுப் பழகினவை. வெறும் வாய்ச்சொல் காணாது.

விளக்குத்திரி ரீச்சர்: உடம்பாலை கும்பிடக் கடன் வேண்டியதில்லையே. கற்பூரச்சட்டி, பாற்செம்பு, அடி அழிக்கிறது, அங்கப்பிரதட்டை எல்லாம் நேத்திதான். காவடிதான் எண்டு வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மஞ்சள் துணியிலை ஒரு குத்தியை (நாணயத்தை) முடிஞ்சு சாமிப்படத்தடியிலை வைச்சுத் தவணை கேளுங்கோ. இது பழைய வழக்கம், ஆரும் பிழை சொல்லமாட்டினம். வீட்டு விளக்குக்குப் புதுச் சிட்டி (மண் விளக்கு) எண்டால் ஒரு இரவு தண்ணியிலை ஊறவிடுங்கோ, இல்லாட்டி அதுவே எண்ணெயைக் குடிச்சிடும். மெல்லிய திரி, ரெண்டு தேக்கரண்டி எண்ணெய், ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் எரியும். தடிச்ச திரி புகையும். விரதத்திலையும் கவனம். நீரிழிவுக் குளிசை போடுற ஆக்கள் சாப்பிடாமல் குளிசையை மட்டும் போட்டால் சீனி இறங்கி மயங்கி விழுவினம். கிளினிக்கிலை கேட்டுட்டுப் பிடியுங்கோ.

ஆனால் நம்பிக்கை உடையிற இடம் செலவு இல்லை, கெடு வைக்கிறது. "இந்த வைகாசிக்குள்ளை மகன் வந்தால்" எண்டு நேர்ந்தால், வராத வைகாசியோடை சாமியும் போயிடும். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியிலை 2017 பெப்ரவரி 20 தொடங்கின, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடுற தாய்மாற்றை போராட்டத்தைப் பாருங்கோ, அங்கை கெடுவே இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மோட்ச விளக்கு (செத்தவைக்கு ஏத்துறது) போடச்சொல்லி நெருக்காதையுங்கோ. பேர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விக்கலாம். புருசன் காணாமல்போயும் பொட்டு வைச்சுக்கொண்டு வாற மனுசியைப் பாத்துக் குசுகுசுக்கிற சனம்தான் அவவைக் கோவிலாலை கலைக்குது, வறுமை இல்லை.

கோவமும் பாவமில்லை. கண்பார்வை போன சுந்தரர் திருவாரூரிலை நிண்டு "வாழ்ந்து போதீரே" எண்டு சிவனையே ஏசிப் பாடினவர். அதையும் தேவாரமெண்டுதான் ஓதுறம்.

முள்ளியவளையான்: ரீச்சர், அர்ச்சனை விசயத்திலை உங்கடை பக்கம்தான். தவணை கேக்கிறதும் சரி. ஆனால் தவணை தவணையெண்டே பத்து வருசம் போனால் காவடி எடுக்கத் தெரிஞ்ச ஆளும் இராது, துலா கட்டத் தெரிஞ்ச ஆளும் இராது.

கடன்கணக்கு: அப்ப செலவைக் குறையுங்கோ. உங்கடை பக்கம் உழவு இயந்திரம் வைச்சிருக்கிற ஆக்கள் அண்டைக்கு வாடகை வாங்காமல் ஓடட்டும். அதையே அவை தங்கடை நேத்தியா வைக்கலாம்.

முள்ளியவளையான்: டீசல் ஆர் அடிக்கிறது?

கடன்கணக்கு: கூட வாற சனத்துக்குச் சமைக்கிற காசிலை அடியுங்கோ. அவை வீட்டிலை சாப்பிட்டிட்டு வரட்டும்.