நாய் பின்னாலேயே வருவது பாசமா, மீன் தலையா?

வெட்டூர்ணிமடம் வாசி:
எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய், பெயர் கறுப்பன். காலையில் பால், ராத்திரி சோறு, குளிப்பாட்டு, ஊசி எல்லாம் அப்பா பொறுப்பு. ஆனால் நாள் முழுக்க அது சுற்றுவது அம்மா பின்னால். அம்மா அடுக்களைக்குப் போனால் அடுக்களை வாசலில் படுக்கும். துணி காயப்போட மாடிக்குப் போனால் கூடவே ஏறும். குளியலறைக்குள் போனால் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு காவல். சோறு போடுகிறவரை விட்டுவிட்டு இது ஏன் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டு அலைகிறது?

அருமனை ரப்பர்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? அம்மா மீன் வெட்டும்போது கறுப்பன் எங்கே இருக்கும்? அதை முதலில் சொல்லுங்கள்.

வெட்டூர்ணிமடம் வாசி:
புறவாசலில், அம்மா பக்கத்தில்தான். சாளை வெட்டினால் எப்போதாவது தலையைத் தூக்கிப் போடுவார். தினமும் கிடையாது.

அருமனை ரப்பர்காரன்:
அந்த "எப்போதாவது"தான் காரணம். அப்பா வைக்கும் சோறு வேளைக்கு வரும், ஒரே தட்டில் வரும். அதற்காக அவர் பின்னால் அலைய வேண்டாம், நேரத்துக்குத் தட்டுப் பக்கம் போய் நின்றால் போதும். அம்மாவிடமிருந்து எப்போது எது விழும் என்று தெரியாது, அதனால் கண்ணை எடுக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் போன நூற்றாண்டிலேயே எலியையும் புறாவையும் வைத்து இதைக் காட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் பழகினால், தீனி நின்றதும் பழக்கமும் சீக்கிரம் போய்விடும். எப்போதாவது கிடைத்துப் பழகினால் லேசில் போகாது. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய் லாட்டரி எடுக்கிறவர்களைப் பாருங்கள், அதே கதைதான்.

தக்கலை டீச்சர்:
அண்ணாச்சி, மீன் வெட்டுகிற நேரத்துக்கு உங்கள் விளக்கம் பொருந்தும். குளியலறைக் கதவுக்கு? அங்கே இதுவரை ஒரு சாளைத் தலையும் விழுந்திருக்காதே.

கைக்குழந்தை தாயை எவ்வளவு பற்றியிருக்கிறது என்று பார்க்க மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை வைத்திருந்தார். 1998-ல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் அதை நாய்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். பழக்கமில்லாத அறை. சில நேரம் வளர்ப்பவர் இருப்பார், சில நேரம் முன்பின் தெரியாத ஒருவர் இருப்பார். வளர்ப்பவர் இருக்கும்போது நாய்கள் தைரியமாக அறையைச் சுற்றிப் பார்த்தன, விளையாடின. அவர் வெளியே போனதும் கதவருகே போய் நின்றன. உள்ளே இன்னொரு ஆள் இருந்தும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்கிறது என்றால் வயிறு மட்டுமா காரணம்?

அருமனை ரப்பர்காரன்:
அது சோபாவில் படுத்து வளர்ந்த ஐரோப்பிய நாய். பசி தெரிந்த நம் ஊர் நாயை வைத்துச் சொல்லுங்கள்.

தக்கலை டீச்சர்:
சொல்கிறேன். கொல்கத்தாவில் இருக்கும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் தெரு நாய்களையே எடுத்துக்கொண்டார்கள், 2017-ல் வந்த ஆய்வு. சில நாய்களுக்கு அறிமுகமில்லாத ஆள் தீனி கூடுதலாகக் கொடுத்தார், சிலவற்றைத் தலையில் தடவிக் கொடுத்தார். திரும்பத் திரும்பப் பழகியபோது தடவிக் கொடுத்தவரைத்தான் நாய்கள் அதிகம் நம்பின. குப்பையைக் கிளறி வயிறு வளர்க்கிற நாய்கள் அண்ணாச்சி! சோபா இல்லை.

அருமனை ரப்பர்காரன்:
தடவுவதும் கூலிதான் டீச்சர். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி மூளையைப் பார்த்தார்கள், 2016-ல் முடிவு வந்தது. 15 நாய்களில் 9 நாய்களுக்குத் தீனியும் பாராட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. 4 பாராட்டுப் பக்கம், 2 தீனிப் பக்கம். நாயின் மூளையே இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறது, நீங்கள் எதற்குத் தனி நோட்டு போடுகிறீர்கள்?

தக்கலை டீச்சர்:
நன்றி, என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். தீனியே இல்லாமல் வளர்ப்பவரின் குரலும் கையும் மட்டுமே நாய்க்குப் போதும் என்றுதானே இதற்கு அர்த்தம்?

குளச்சல் கடலோரம்:
இரண்டு பேரும் எல்லா நாயையும் ஒரே நாயாகப் பேசுகிறீர்கள். லேப்ரடாரின் முன்னோர் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு கடலுக்குப் போனவை. தண்ணீரில் நழுவும் மீனையும் வலைக்கயிற்றையும் கவ்வி வருவது வேலை. ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்த வேலை நடக்கும். அந்த வம்சம் வீட்டுக்குள் நம் காலைச் சுற்றாமல் என்ன செய்யும்?

எங்கள் பக்கத்து வீட்டில் ராஜபாளையம் நிற்கிறது. யார் பின்னாலும் போகாது. அடுக்களையும் தெரிய வேண்டும், வாசல் கேட்டும் தெரிய வேண்டும், அப்படி ஓர் இடம் பார்த்துப் படுத்திருக்கும். வீட்டுக்காரர் எழுந்தால் தலையைத் தூக்காது, ஒரு காது மட்டும் அவர் போகிற பக்கம் திரும்பும். பின்னால் வராததால் அதற்குப் பாசம் இல்லை என்று சொல்வீர்களா? வெளியாள் ஒருவர் கேட்டில் கை வைத்துப் பார்க்கட்டும்.

அருமனை ரப்பர்காரன்:
இதை ஏற்கிறேன், இனமும் வளர்ப்பும் முக்கியம். என் நாய் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குக் கூடவே வரும். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நான் பட்டை சீவி, சிரட்டையை நேராக்கி வைக்கும்வரை பக்கத்தில் நிற்கும். கத்தியை எடுத்ததும் அடுத்த மரத்துக்கு எனக்கு முன்னால் போய்விடும். மரத்தின் வரிசை அதற்கு மனப்பாடம். பழக்கம் என்றால் இதுதான்.

தக்கலை டீச்சர்:
தோட்டத்தில் அதற்கு என்ன போடுகிறீர்கள்?

அருமனை ரப்பர்காரன்:
ஒன்றும் இல்லை.

தக்கலை டீச்சர்:
சரி சரி.

அருமனை ரப்பர்காரன்:
சிரிக்காதீர்கள். வீட்டில் படுத்திருந்தால் அதற்குப் பொழுது போகாது. தோட்டத்தில் கீரி, முள்ளம்பன்றி என்று நூறு வாசம். அது வருவது அதற்காக, எனக்காக இல்லை.

திங்கள்சந்தை மருந்துக்கடை:
நடுவில் ஒரு விஷயம். கால்நடை மருந்து விற்கிறவன், நாய் வளர்க்கிறவர்கள் வந்து சொல்வதைத் தினமும் கேட்கிறவன். கறுப்பன் குட்டியிலிருந்தே இப்படியா, இப்போது திடீரென்றா? தன்பாட்டுக்குக் கிடந்த நாய் திடீரென்று ஒட்ட ஆரம்பித்தால் வலி இருக்கலாம், கண்ணோ காதோ மங்கியிருக்கலாம். வயதான நாய் என்றால் மூளை தளர்ந்தும் அப்படி ஆகும், ராத்திரி காரணமில்லாமல் நடக்கும், மூலையில் போய் முழித்துக்கொண்டு நிற்கும். அதற்கெல்லாம் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். ஐப்பசியில் மட்டும் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது இடிக்குப் பயந்து வருவது.

வீட்டில் ஆள் இருக்கும்போது பின்னால் வருவது நோய் இல்லை. எல்லோரும் வெளியே போனதும் கதவைப் பிறாண்டுவது, ஓயாமல் ஊளையிடுவது, வீட்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்வது இருந்தால் அது தனிமைப் பயம். அடித்தால் பயம் கூடும். கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்பி வந்து, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டிப் பழக்க வேண்டும்.

வெட்டூர்ணிமடம் வாசி:
குட்டியிலிருந்தே இப்படித்தான் அண்ணே. எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் திண்ணையில் நன்றாகத் தூங்கும். அம்மாவிடம், கொஞ்ச நாள் மீன் தலை போடாமல் பாருங்கள் என்றேன். "அப்போ தலையை நான் தின்னவா?" என்கிறார். அந்தப் பக்கம் சோதனை நடக்காது.

அருமனை ரப்பர்காரன்:
நிறுத்தினாலும் உடனே தெரியாது. தீனி நின்ற புதிதில் இன்னும் கூடுதலாகத்தான் சுற்றும். நீங்களே செய்யுங்கள் தம்பி. நினைத்த நேரத்தில் ஒரு துண்டு கருவாடு, உப்பைக் கழுவிவிட்டு. தடவக் கூடாது, கொஞ்சக் கூடாது. உங்கள் பின்னால் வருகிறதா இல்லையா பாருங்கள்.

தக்கலை டீச்சர்:
அப்படியென்றால் அப்பாவும் தினமும் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுக்கட்டும், கையில் ஒன்றும் இல்லாமல். யார் பின்னால் போகிறது என்று இரண்டு பேரும் எழுதி வையுங்கள். ஆனால் மீன் வெட்டுகிற நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அருமனை ரப்பர்காரன்:
அதைச் சேர்க்காமல் அப்புறம் என்ன சோதனை டீச்சர்?