ஏ1 பால் உண்மையிலேயே விஷமா? புனைபெயரில் மூவரின் விவாதம்

மேய்ச்சல்: கலப்பினப் பசுவின் ஏ1 பால் வயிற்றுக்குள் போனதும் பிசிஎம்-7 என்ற பெப்டைடு, அதாவது சின்னப் புரதத் துண்டு, வெளியே வருகிறது, அது மார்பின் என்ற வலி மருந்து மாதிரி வேலை செய்கிறது. நாட்டு மாட்டின் ஏ2 பாலில் அந்தத் தொல்லை இல்லை. காங்கேயம் பாலுக்கு மாறியதிலிருந்து அம்மாவுக்கு வயிற்று உப்புசமே இல்லை. ஏ1 பால் விஷம்தான்.

நொதி: பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள் சகோ. பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தின் இரண்டு வகைகள்தான் ஏ1, ஏ2. அது 209 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 67வது இடத்தில் ஏ2 வகையில் புரோலின் இருக்கிறது, ஏ1 வகையில் ஹிஸ்டிடின். புரோலின் இருந்தால் நொதிகளால் அங்கே எளிதில் வெட்ட முடியாது. ஹிஸ்டிடின் இருந்தால் வெட்டு விழும், 60 முதல் 66 வரையுள்ள ஏழு அமினோ அமிலத் துண்டு தனியே வரும். அதுதான் பிசிஎம்-7. ஆனால் செரிமானம் அதோடு நிற்பதில்லையே! இரைப்பையில் பெப்சின், சிறுகுடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின் என்று வரிசையாக வெட்டிக்கொண்டே போகும், குடல் சுவரில் உள்ள டிபிபி-4 நொதி பிசிஎம்-7ஐயும் நறுக்கும். குடல் செல்லின் பெப்டைடு கடத்தி உள்ளே எடுப்பது இரண்டு, மூன்று அமினோ அமிலத் துண்டுகளைத்தான், ஏழு கொண்ட பிசிஎம்-7 அந்த வழியாக முழுசாக ரத்தத்துக்குப் போகாது. நீரிழிவு, இதய நோய்க்கெல்லாம் பிசிஎம்-7 காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2009ல் சொல்லிவிட்டது.

மேய்ச்சல்: ரத்தத்துக்குள் போகாவிட்டால் என்ன? மார்பின் போன்றவை ஒட்டிக்கொள்ளும் ஓபியாய்டு ஏற்பிகள் குடலிலேயே இருக்கின்றன, குடல் அசைவை மந்தமாக்க அது போதாதா? 2016ல் வெளியான சீன ஆய்வில் 45 பேருக்கு எந்தப் பால் என்று தெரியாமல், ஏ1, ஏ2 இரண்டும் கலந்த பாலையும் ஏ2 மட்டும் உள்ள பாலையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஏ2 மட்டும் குடித்தபோது வயிற்றுத் தொல்லை குறைவு. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இரண்டிலும்தான் இருக்கிறது, அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

நொதி: குடல் அசைவு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஏ2 பால் விற்கும் நிறுவனம், பங்கேற்றவர்களும் ஏற்கனவே பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்கள். அதை வைத்து, பாலை நன்றாகச் செரிக்கிற குழந்தைக்கும் பாக்கெட் பால் விஷம் என்று பயமுறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கால்நடை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கன்றின் நான்காம் இரைப்பையில் கைமோசின் என்ற நொதி கப்பா கேசீன் என்ற இன்னொரு பால் புரதத்தை ஒரே இடத்தில் வெட்டும், உடனே பால் திரைந்து கட்டியாகி மெதுவாகச் செரிக்கும். துண்டு துண்டாக உடைவது பாலின் இயல்பு, எந்த மாட்டுப் பாலிலும் பெப்டைடு வரத்தான் செய்யும். கலப்பின மாடு என்றாலே ஏ1 என்பதும் தவறு, பலவற்றில் இரண்டு மரபணுவும் கலந்திருக்கும். எருமைப் பாலும் ஏ2தான்! 2024 ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 என்று லேபிளில் போடக் கூடாது என்று உத்தரவிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. குழப்பம் அதனால் கூடியதுதான் மிச்சம்.

நொதி: மேய்ச்சல், அம்மாவுக்கு இரண்டு பாலையும் எது எது என்று சொல்லாமல், ஒரே அளவில் வாரம் மாற்றிக் கொடுத்துப் பாருங்களேன்.

மேய்ச்சல்: சரி, செய்கிறேன். ஆனால் முடிவு எதுவானாலும் காங்கேயம் மாட்டை விற்க மாட்டேன். வெயிலையும் வறட்சியையும் அது தாங்குவதற்கு எந்தப் பெப்டைடும் சாட்சி சொல்ல வேண்டாம்.