மறு: லிங்கர் – இணைப்பியா, தொடுப்பியா, பிணைப்பியா?

வணக்கம். தனித்தனியாகத் தொகுத்த நிரல் கோப்புகளைச் சேர்த்து ஓடும் நிரலாக்கும் கருவியான லிங்கருக்குத் தமிழில் ‘பிணைப்பி’ என்று சொல்லலாம் என்றேன்; அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘இணைப்பி’ என்று ஏற்கெனவே இருக்கிறதே, எதற்குப் புதுச்சொல்?

இருக்கிறது. ஆனால் மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, வலைப்பக்கச் சுட்டியும் இணைப்பு, மழை பெய்தால் போய்விடுவதும் இணைப்பு. சி நிரல்மொழி படிக்கும் மாணவரிடம் ‘இணைப்புப் பிழை’ என்றால் முதலில் வைஃபையைத்தான் பார்ப்பார்.

> பூத் தொடுக்கிறோமே, ‘தொடுப்பி’ வைக்கலாமே.

கேட்க அழகுதான். ஆனால் நாம் எழுதும் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலருக்குத் ‘தொகுப்பி’ நன்றாகப் பழகிவிட்டது. ஓரெழுத்துதான் வித்தியாசம், கடைசி பெஞ்சுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். குழம்பவே கூடாத இரண்டு கருவிகள் இவை. (பேச்சுவழக்கில் ‘தொடுப்பு’க்கு உள்ள இன்னொரு பொருளை வேறு சொல்ல வேண்டுமா?)

லிங்கர் செய்யும் வேலையைப் பார்ப்போம். வட்டம்.சி கோப்பில் ‘பரப்பு’ என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது, முதன்மை.சி அதை அழைக்கிறது. ஜிசிசி தொகுப்பிக்கு -சி கொடுத்து இரண்டையும் .ஓ (இன்னும் பிணைக்கப்படாத இயந்திரமொழி) கோப்புகளாக்கினால் தொகுப்பியின் வேலை முடிந்தது. இப்போது முதன்மை.ஓ-வை, கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையால் பாருங்கள். ‘பரப்பு’க்கு எதிரே முகவரி இல்லை, ‘யு’ (வரையறை இங்கே இல்லை) என்ற எழுத்து மட்டும் நிற்கும். வட்டம்.ஓ-வில் அதே பெயருக்கு ‘டி’ (வரையறை இங்கே இருக்கிறது). அந்த யு-வுக்கு இந்த டி-யைத் தேடிப் பிடித்து முகவரியை நிரப்புவதுதான் லிங்கர். கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்க மட்டும் என்றால் ஏஆர் கட்டளை போதும், லிப்வட்டம்.ஏ என்ற நிரலகம் (லைப்ரரி) அப்படித்தான் உருவாகிறது. பெயரை முகவரியோடு பிணைப்பதால் ‘பிணைப்பி’ என்கிறேன்.

இந்தச் சொல் பிழைச்செய்தியிலும் கைகொடுக்கும். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வரும்போது ‘வரையறுக்கப்படாத குறிப்பு’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘பிணைபடாத பெயர்: பரப்பு’ என்றால் எங்கே தேடுவது என்றாவது தெரியும். கட்டளை வரியில் -எல்வட்டம் (லிப்வட்டம் நிரலகத்தைச் சேர்) என்பதை முதன்மை.ஓ-வுக்கு முன்னால் போட்டாலும் இதே பிழைதான். பிணைப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறது; .ஏ கோப்பைத் திறக்கும் நேரத்தில் எந்தப் பெயர் பிணைபடாமல் நிற்கிறதோ அதற்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. ‘பரப்பு’ அதற்குப் பிறகு வந்து கேட்டால் திரும்பிப் பார்க்காது.

> ஸ்டேட்டிக் லிங்கிங், டைனமிக் லிங்கிங் இரண்டுக்கும் நிலைப்பிணைப்பு, இயங்குபிணைப்பு?

சரியான மொழிபெயர்ப்பு, ஆனால் எது நிலையாக இருக்கிறது, எது இயங்குகிறது? .ஏ நிரலகத்தில் வேண்டிய துண்டுகள் நிரலுக்குள்ளேயே நகலாகின்றன. அது ‘உட்பிணைப்பு’. .எஸ்ஓ (பல நிரல்கள் பகிரும் நிரலகம்) என்றால் நிரலகத்தின் பெயர் மட்டும் நிரலில் எழுதப்படுகிறது. நிரல் ஓடத் தொடங்கும்போது எல்டி.எஸ்ஓ என்ற ஓட்டநேரப் பிணைப்பி போய்த் தேடிப் பிணைக்கிறது. ஆகவே ‘ஓட்டப்பிணைப்பு’.

கட்டளை வரியில் பெரிய எல்லில் (-L) நிரலகம் இருக்கும் அடைவைக் கொடுத்து, பிழையே இல்லாமல் நிரலைக் கட்டி, ஓட்டினால் மட்டும் ‘லிப்வட்டம்.எஸ்ஓ-வைத் திறக்க முடியவில்லை’ என்று நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பெரிய எல், கட்டும் நேரத்துக்கு மட்டும்தான். ஓடும் நேரத்துக்கு, தேட வேண்டிய அடைவுகளைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் சூழல்மாறி வேண்டும், அல்லது முறையான அடைவில் நிறுவி, நிரலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்ட வேண்டும். ‘ஓட்டப்பிணைப்பு’ என்று படித்தவருக்கு இந்த இரண்டாவது தேடல் பெயரிலேயே இருக்கிறது.

> பிணை என்றால் ஜாமீன் அல்லவா?

நீதிமன்றமும் டெர்மினலும் ஒரே வாக்கியத்தில் வருவது அபூர்வம், அதை விடுங்கள். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு சி நிரலகத்தைப் பைத்தானிலிருந்து அழைக்க எழுதும் ‘பைண்டிங்’கையும் சிலர் பிணைப்பு என்றுதான் எழுதுகிறார்கள். அதை ‘மொழிப்பாலம்’ என்று மாற்றலாமா? அங்கே பிணைப்பு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது என்றால் சொல்லுங்கள், லிங்கருக்கு வேறு சொல் பார்ப்போம்.