உணவுக்குழாய் ஒப்பரேசனில் எடுத்த நிணநீர்க் கணு 14, இது குறைவா?

கிளிநொச்சி மகள்:
அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோவும் கதிரும் முடித்து, பிறகு கொழும்பிலேயே ஒப்பரேசனும் செய்து இப்போது பரந்தன் வீட்டுக்கு வந்துவிட்டார். 14 நிணநீர்க் கணு (நோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) எடுத்ததாகவும் ஒன்றில் மட்டும் நோய் இருப்பதாகவும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் நெட்டில் பார்த்துவிட்டு, 30 எடுத்திருக்க வேணும், இல்லாவிட்டால் திரும்ப வரும் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டார். அம்மா சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. உண்மையா இது?

வவுனியா தாதி:
தங்கச்சி, அந்த 30 என்பது 2010 இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் இருக்கிறது, கட்டி ஆழமாகப் போனவர்களுக்குச் சொன்னது. 2008 இல் இன்னொரு ஆய்வு 23 என்றது. ஆனால் இரண்டும் கீமோ, கதிர் எதுவும் இல்லாமல் நேரே ஒப்பரேசனுக்குப் போனவர்களை வைத்துப் பார்த்தவை. நெதர்லாந்தின் குரோஸ் ஆய்வில் இருந்தவர்களை 2014 இல் திரும்ப ஆராய்ந்தபோது, ஒப்பரேசன் மட்டும் செய்தவர்களில் கூடுதல் கணு எடுத்தவர்கள் கூடுதல் காலம் இருந்தார்கள், முதலில் கீமோவும் கதிரும் எடுத்தவர்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அப்பா இரண்டாவது வகை. கதிர் பட்டால் கணுக்கள் சுருங்கிவிடும், லாபில் தேடி எண்ணும்போதும் குறைவாகத்தான் அகப்படும்.

மன்னார்:
அதற்காகக் கணு எடுப்பது வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தக் குழாயின் சுவருக்குள் நிணநீர் மேலும் கீழுமாக ஓடும், நெஞ்சில் கட்டி இருந்தாலும் கழுத்திலோ வயிற்றிலோ உள்ள கணுவுக்கு நோய் போகலாம். எடுத்துப் பார்த்தால்தான் எத்தனையில் இருக்கிறது என்று தெரியும். 1, 2 என்றால் ஒரு நிலை, 3 முதல் 6 வரை அடுத்தது, 7 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னும் கடுமை.

முல்லைத்தீவு அக்கா:
என்ர இவருக்கும் இதே ஒப்பரேசன்தான். குரல் நரம்பை ஒட்டியிருந்த கணுக்களை எடுத்ததில் நரம்பு பாதிக்கப்பட்டு, கனகாலம் குரல் கம்மி, தண்ணி குடித்தாலும் புரையேறியது. நிறைய எடுப்பதற்கும் விலை இருக்கு பிள்ளை, அம்மாவுக்கு அதைச் சொல்லுங்கோ.

வவுனியா தாதி:
கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள்: வெட்டிய ஓரங்களில் நோய் இல்லையா, நிவோலுமாப் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி அப்பாவுக்குப் பொருந்துமா? கீமோவும் கதிரும் எடுத்து, ஒப்பரேசனில் முழுதாக வெட்டியும் எடுத்த பிறகு, வெட்டியதில் நோய் மிச்சம் தெரிந்தவர்களுக்கானது அது. 2021 இல் வெளிவந்த ஆய்வில், நோய் திரும்பாமல் இருந்த காலம் நடுமதிப்பில் 11 மாதத்திலிருந்து 22.4 மாதமானது. விலை மிக அதிகம், அரசாங்கத்தில் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள்.