செவிலியர் தினத்தில் சால்வை அணிவிப்பதைத் தாண்டி நாம் செய்யக்கூடியது என்ன?

கேள்வி: காவிரிக்கரையான், தஞ்சாவூர் மாவட்டம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஆண்டுதோறும் மே 12 அன்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் செவிலியர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் அழைத்துச் சால்வை அணிவித்து, நினைவுப் பரிசும் மதிய உணவும் வழங்கி வருகிறது. சென்ற முறை ஏற்புரை வழங்கிய மூத்த செவிலியர், எல்லோருக்கும் நன்றி கூறிவிட்டு, "வார்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய மரியாதை" என்று சொல்லி அமர்ந்தார். அதன் பிறகு இந்த விழாவை இப்படியே தொடர்வதில் சங்கத்தில் பலருக்கும் மனம் ஒப்பவில்லை.

2020 மார்ச் 22 அன்று மாலை நாடே வாசலில் நின்று கைதட்டியது. அடுத்த மாதம் 19-ஆம் நாள், கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. ஊழியர்களை நியமிப்பதும் ஊதியத்தை உயர்த்துவதும் அரசின் கையில் இருக்கின்றன என்பதை அறிவேன். அந்த அதிகாரம் இல்லாத எங்களைப் போன்ற பொதுமக்கள், அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் எதைச் செய்யலாம் என்று இத்துறையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: வைகைச் செவிலி

அரசு மருத்துவமனையில் பணிபுரிபவள் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மூத்த சகோதரி சொன்னதில் மிகை எதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் நெறிமுறை. இரவுப் பணியில் ஒரு வார்டு முழுவதையும் ஒரே செவிலியர் பார்த்துக்கொள்வது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த நிலையில் ஒருவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவருக்கு மூச்சுத் திணறினால், எந்தப் பக்கம் ஓடுவது என்பதை நாங்கள் நொடியில் முடிவு செய்ய வேண்டும். தாமதமாக வந்தோம் என்று திட்டு வாங்குவதும் நாங்கள்தான்.

இதோடு ஒப்பந்தப் பணியின் நிலையற்ற தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்வில் வென்று வந்தவர்கள், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியைத் தொடங்கினார்கள். பணி நிரந்தரத்துக்காக அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கொரோனாக் காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தமோ 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு நின்றுபோனது. மாற்றுப் பணி பற்றிய அறிவிப்பு பின்னர் வந்தது என்றாலும், பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நின்றவர்கள் வேலை கேட்டுத் தெருவில் அமர வேண்டியிருந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்த பொதுமக்கள் மிகக் குறைவு. அதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

உங்கள் சங்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவற்றுள் ஒப்பந்தப் பணியிடங்கள் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். அந்த விவரத்தோடு சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுங்கள். ஊழியர்கள் கேட்டால் அதைச் சுயநலம் என்கிறார்கள். சிகிச்சை பெறுகிற மக்களே கேட்டால் அப்படித் தள்ளிவிட முடியாது.

பதில்: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், சிவகங்கைப் பக்கம்

முன்களம் என்றவுடன் எல்லோருக்கும் மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த அந்தச் சிறு கட்டடங்களில் தனியாக இருக்கும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். கருவுற்ற தாய்மார்களைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, வீடு வீடாகப் போவது ஆகியவை போக, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்யும் 'பிக்மி' என்ற அரசு இணையதளத்தில் விவரங்களை ஏற்றுவதும் எங்கள் தலையில் விழுந்தது. அதில் தாய்க்குக் கிடைக்கும் பதிவு எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்பதால் பதிவு சற்றுப் பிந்தினாலும் குடும்பத்தார் எங்களிடம்தான் கோபப்படுவார்கள். பகலில் ஊர் சுற்றிவிட்டு இரவில் கணினி முன்னால் அமர்ந்தவர்கள் எங்களில் ஏராளம்.

பல நிலையங்களில் தண்ணீர் வராது, கழிப்பறைக் கதவு சரியாக இருக்காது, வாசலில் விளக்கு எரியாது. இவற்றைச் சரிசெய்யத் தலைமைச் செயலகம் வரை போகத் தேவையில்லை, ஊராட்சியே போதும். கிராம சபையில் யாராவது எழுந்து, "எங்கள் நர்சம்மா இருக்கும் கட்டடத்துக்கு விளக்கும் தண்ணீரும் வேண்டும்" என்று தீர்மானம் கேட்டால், அது ஏட்டில் ஏறும். நான் பணியில் இருந்த ஊரொன்றில் மகளிர் குழுவினர் அப்படிக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு இருட்டிய பின் வரும் பிரசவ வலிக்காரிக்குக் கதவைத் திறக்க நான் தயங்கியதில்லை.

ஊர்களில் சுகாதாரத் தொண்டர்களாக வேலை செய்யும் ஆஷா பணியாளர்களையும் மறந்துவிடாதீர்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு உலக அளவிலான விருது அளித்தது. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் ஆஷாக்கள் மதிப்பூதிய உயர்வு கேட்டுத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் இரவும் பகலுமாக அமர்ந்தார்கள், பல மாதங்கள் எழவில்லை. 'தன்னார்வலர்' என்று பெயர் சூட்டிவிட்டு முழுநேர வேலை வாங்குவதை, விருது கொடுத்து ஈடுகட்ட முடியாது.

பதில்: நீதிமன்ற வாசல்

வழக்கறிஞராக என் கருத்து. மருத்துவ ஊழியர்களைத் தாக்குவோருக்குச் சிறைத்தண்டனை விதிக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். தண்டனை குற்றத்துக்குப் பின்னால் வருவது. வார்டில் கோபம் மூள்வதைத் தடுக்க, நோயாளியின் நிலையைக் குடும்பத்தாருக்கு அமர்ந்து விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், பார்வையாளர் நேரத்தை மக்களே மதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஏழைகளை அதட்டுவதும் சில இடங்களில் பணத்துக்குக் கை நீட்டுவதும் நடக்கின்றன. அவற்றை எழுத்துப் புகாராகக் கொண்டுபோகும் வழியை உங்கள் சங்கம் மக்களுக்குக் காட்டினால், நோயாளிக்கும் நியாயம் கிடைக்கும், தொடர்பே இல்லாத செவிலியர்மீது கை ஓங்கப்படுவதும் குறையும்.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளச் செவிலியர்கள் தொடர்ந்து போராடி, 2018-இல் அதைக் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாகவே பெற்றார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தும் நாம், "உங்கள் செவிலியர்களுக்கு என்ன ஊதியம் தருகிறீர்கள்?" என்று நிர்வாகத்திடம் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

கேட்டவர்: காவிரிக்கரையான்

மூவருக்கும் மிக்க நன்றி. பணியிட விவரம் கேட்டு மனு எழுதும் பொறுப்பை இருவர் ஏற்றுக்கொண்டார்கள். விழாவுக்கென ஒதுக்கிய தொகையில் தூய்மைப் பணியாளர்களுக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போடலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்கிறார். அது பொருத்தமாக இருக்குமா?

பதில்: வைகைச் செவிலி

நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி (நீங்கள் சொல்லும் மஞ்சள் காமாலை), டெட்டனஸ் தடுப்பூசிகள் போடுவது மருத்துவமனையின் கடமை. ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்று காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது. கடமைப்பட்டவர் செய்ய வேண்டியதை நாம் நன்கொடையாகச் செய்துவிட்டால், அடுத்து வரும் பணியாளருக்கு அது கிடைக்காமலே போகலாம். எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிந்துள்ளன என்று தலைமை மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள். கழிவில் கிடக்கும் பயன்படுத்திய ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதும், அதற்கு யாரிடம் போக வேண்டும் என்பதும் துடைப்பம் பிடிக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

தொகையைச் செலவிட வேண்டுமென்றால், தூய்மைப் பணியாளர்கள் உடை மாற்றவும் சற்று அமரவும் ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அவர்கள் மாடிப்படிக்குக் கீழேதான் சாப்பிடுகிறார்கள். அனுமதி பெற்று, மின்விசிறியும் பூட்டுள்ள அலமாரியும் வாங்கிக் கொடுங்கள். விழாவை நடத்துவதானால் இரவுப் பணி முடித்தவர்களை அழைக்காமல், பணி மாறும் நேரத்தில் வார்டுக்கே வந்து நடத்துங்கள்.