ஹட்டரைட் காலனியை விட்டுப் போகிறவருக்குப் பங்கு உண்டா?

இளந்திரையன்:
கனடா உச்ச நீதிமன்றம் 1970ல் தீர்ப்பளித்த ஹோஃபர் வழக்கைப் படித்தேன், மனசு ஆறவில்லை. மனிடோபா மாகாணத்தின் இன்டர்லேக் காலனி. சொத்தைப் பொதுவில் வைத்து, சேர்ந்து விவசாயம் செய்து வாழும் ஹட்டரைட் கிறிஸ்தவர்களின் குடியிருப்பு அது. பல வருடம் அங்கே உழைத்த சிலர் ‘உலகளாவிய தேவ சபை’யின் போதனைக்கு மாறினார்கள். ஞாயிறு அல்ல, சனிதான் ஓய்வுநாள் என்றும் பன்றி இறைச்சி ஆகாது என்றும் சொல்லும் சபை அது. காலனி அவர்களை விலக்கியது. எங்கள் உழைப்பில் சேர்ந்த சொத்தில் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு சென்ட்கூடக் கிடையாது என்று முடித்துவிட்டது நீதிமன்றம். மதம் மாற உரிமை உண்டாம், மாறினால் நடுத்தெருவாம். இதற்குப் பெயர் சுதந்திரமா?

கணக்கர்:
கோபத்தை ஓரம் வைத்துவிட்டு அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள். உறுப்பினர் கையெழுத்திட்ட பத்திரம் அது. சொத்து சபையுடையது, போகிறவருக்குப் பங்கில்லை என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. இது காலனித் தலைவர்கள் நேற்று உட்கார்ந்து எழுதிய விதியும் அல்ல. 1528ல் மொராவியாவில், துரத்தப்பட்டுப் போகும் வழியில், தரையில் ஒரு மேலங்கியை விரித்து அவரவர் கையில் இருந்ததை எல்லாம் அதில் போட்டார்களே, அன்று தொடங்கிய ஏற்பாடு. விசுவாசிகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்ததாகச் சொல்லும் பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம், நான்காம் அதிகாரங்களை எழுத்துப்படி வாழ்கிறவர்கள் அவர்கள். தனிச்சொத்து வந்த நாளில் அவர்கள் ஹட்டரைட்டுகளாக இருக்க மாட்டார்கள், தனிச்சொத்து வைத்துக்கொள்ளும் இன்னொரு சபைப் பிரிவான மென்னோனைட்டுகளாகிவிடுவார்கள்.

இளந்திரையன்:
சரி, வரலாற்றையே பேசுவோம். யாக்கோப் ஹுட்டரை 1536ல் இன்ஸ்புருக்கில் எதற்காக எரித்தார்கள்? குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசம் பிறப்பால் வருவதல்ல, வளர்ந்தவன் தானே தேர்ந்தெடுப்பது என்று போதித்த இயக்கத்தை நடத்தினார் என்பதற்காக. அவர் பெயரைச் சுமக்கும் சபையில் ஒருவன் நாற்பது வயதில் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது துரோகமா?

கணக்கர்:
தேர்ந்தெடுக்கட்டும், யார் தடுத்தது? ஞானஸ்நானமே இருபது வயதுக்கு மேல்தான் தருகிறார்கள். அதற்கு முன்னால் வெளியே ஓடிப்போய் ஒன்றிரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வரும் பையன்கள் ஏராளம், அவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள். உலகத்தைப் பார்த்துவிட்டு வந்து உறுதிமொழி கொடுக்கிறவரைக் குழந்தை மாதிரி நடத்த முடியாது. கன்னியர் மடத்தை விட்டுப் போகும் சகோதரி மடத்தின் நிலத்தில் பங்கு கேட்பாரா?

வின்னிபெக்வாசி:
இரண்டு பேரும் தாள்களை வைத்தே சண்டை போடுகிறீர்கள். கன்னியர் மட உதாரணம் எனக்கு ஒப்பவில்லை. மடத்தில் யாரும் பிறப்பதில்லை. காலனியில் மூன்று வயதில் குழந்தைகள் பள்ளி, பதினைந்தில் பெரியவர்களின் சாப்பாட்டு மேசையும் முழு வேலையும். சம்பளம் இல்லை, சொந்த வங்கிக் கணக்கு இல்லை. கனடா ஓய்வூதியத் திட்டத்திலிருந்து விலக்கு வாங்கியிருந்தால் அதிலும் அவர் பெயரில் எதுவும் சேர்ந்திருக்காது. (முதியோர் உதவித்தொகை கனடாவில் வசித்த வருடங்களைப் பொறுத்தது, அது 65ல் கிடைக்கும். அதுவரை?) வெல்டிங், தச்சு வேலை தெரிந்த ஆண்கள் எப்படியோ பிழைத்துக்கொள்கிறார்கள். ஐந்து பிள்ளைகளோடு வருகிற பெண் என்ன செய்வாள்? காலனி முடிவுகளில் அவளுக்கு ஓட்டே இல்லை, ஓட்டு ஞானஸ்நானம் பெற்ற ஆண்களுக்கு மட்டும்.

இன்னொன்று. சொத்தைப் பிரித்தால் காலனி அழிந்துவிடும் என்று யாரும் சொல்ல வராதீர்கள். ஆள்தொகை 120, 150 என்று ஏறினால் அவர்களே இரண்டாகப் பிரிகிறார்கள். பல வருடம் பணம் சேர்த்து, புது நிலம் வாங்கி, வீடு கட்டி, மாடு, இயந்திரம், கடன் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பங்கு போடுகிறார்கள். யார் போவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. நம் ஊர்ப் பாகப்பிரிவினையைவிட ஒழுங்காக நடக்கும்.

கணக்கர்:
அப்படிப் பிரிந்து உருவாகும் மகள் காலனிக்குப் போகும் சொத்து சபைக்குள்ளேதான் இருக்கிறது, எந்த ஆளின் பைக்கும் போவதில்லை. இந்த வித்தியாசத்தில்தான் வழக்கே நின்றது. அவர்களுக்கு விவசாயமும் விசுவாசமும் வேறு வேறல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது அதனால்தான்.

இளந்திரையன்:
நீதிபதி பிஷோன் மாறுபட்டு எழுதியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மதச் சுதந்திரம் என்றால் மதம் மாறும் சுதந்திரமும் அதில் அடக்கம், எல்லாவற்றையும் இழந்தால்தான் மாறலாம் என்ற விதி அதை நடக்காத காரியமாக்குகிறது என்பது அவர் கருத்து. ஐம்பது வருடம் கழித்துப் படித்தாலும் அதுதான் சரியாகப் படுகிறது.

ரெபேக்கா:
சஸ்கட்டூனில் எங்கள் சபைக்குக் காலனியிலிருந்து வந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் நிலம் கேட்கவில்லை. பெரும்பாலும் மறுபிறப்பு அனுபவம், அதாவது விசுவாசத்தால் உள்ளம் புதிதான அனுபவம், என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். உள்ளே பிரசங்கம் என்றால் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதை போதகர் வாசிப்பது. ‘நான் இரட்சிக்கப்பட்டேன், எனக்கு நிச்சயம் தெரியும்’ என்று ஒருவர் அங்கே சொன்னால் அது ஆணவமாகப் பார்க்கப்படும். காலனிதான் நோவாவின் பேழை என்று நம்புகிறவர்களிடம் போய், பேழைக்கு வெளியேயும் மீட்பு உண்டு என்றால் வீட்டில் எப்படி இருக்கும்? அம்மாவைப் பார்க்கப் போகலாமா, தம்பி கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா, இதுதான் அவர்கள் கவலை. கண்டிப்பு காலனிக்குக் காலனி மாறுகிறது. இதில் நீதிமன்றம் என்ன செய்யும்?

இளந்திரையன்:
அக்கா, அவர்கள் கேட்கவில்லை என்பதால் அவர்களுக்கு உரிமை இல்லை என்றாகாது. கேட்காமல் இருக்கத்தானே வளர்க்கப்பட்டார்கள். பாதி நிலம் வேண்டாம், உழைத்த வருடத்துக்கு ஏற்ப ஒரு தொகை போதும்.

கணக்கர்:
எவ்வளவு? வீடு, சாப்பாடு, மருத்துவம், பிள்ளைகள் வளர்ப்பு எல்லாம் கழித்துச் சொல்லுங்கள்.

இளந்திரையன்:
வருமான வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவிலிருந்து தொடங்கலாம். காலனி வருமானத்தை உறுப்பினர்களுக்குள் பங்கிட்டு வரி கட்ட அது வழி தருகிறது. வரிக்கு ஆளுக்கு ஒரு பங்கு உண்டு, ஆள் கிளம்பும்போது மட்டும் இல்லையா?

கணக்கர்:
அது வரிக்காகச் செய்யும் கற்பனைக் கணக்கு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் காசு வாங்க முடியாது.

வின்னிபெக்வாசி:
நடைமுறைக்கு உதவுவது 1992ல் வந்த லேக்சைட் காலனி தீர்ப்பு. அதில் மதப் பிரச்சினை இல்லை, பன்றித் தீவனக் கருவியின் காப்புரிமை பற்றிய தகராறு. ஆனாலும் முறையான அறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் விலக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரையாவது விலக்கப் பார்த்தால், எழுத்தில் கேளுங்கள், கூட்டத் தேதியைக் கேளுங்கள், வக்கீலைப் பாருங்கள்.

ரெபேக்கா:
விலக்கப்படாமல் தானாகவே கிளம்புகிறவருக்கு அது உதவுமா?

வின்னிபெக்வாசி:
உதவாது. ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறவர் விஷயத்தில் கேள்வி கேட்கக் கூட்டமே நடக்காதே.