குளத்தோரச் செடிகள் மஞ்சளாகின்றன, அவசரம்

மலைவீடு: வணக்கம். வீட்டுக் குளத்து ஓரத்தில் வைத்த செடிகள் எல்லாம் மஞ்சளாகின்றன. உரமும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஞாயிறன்று வீட்டில் விசேஷம். என்ன செய்யலாம்?

மண்வெட்டி: என்ன செடி, எந்த ஊர், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது? இவை தெரியாமல் சோதிடம்தான் சொல்ல முடியும்.

பனித்துளி: பெயரிலேயே மலை இருக்கிறதே, உறைபனிதான். ஊட்டிப் பூங்காவில் டிசம்பர் வந்தால் மிலார் செடியை வெட்டி நாற்றுகளை மூடிவைப்பார்கள். நீங்களும் மாலையில் மூடுங்கள்.

மலைவீடு: ஊட்டிதான். 6 தொட்டி ஐரிஸ், நீலப் பூ. வசம்பும் இருக்கிறது, அது மட்டும் நன்றாக இருக்கிறது.

மூத்தவேர்: "எல்லாம்" என்றீர்கள், இப்போது வசம்பு பிழைத்துக்கொண்டது! இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது, பழைய இழைகளைப் படிக்கும் வழக்கமே யாருக்கும் இல்லை. மஞ்சள் பூ விடும் ஐரிஸ் வகை ஆண்டு முழுவதும் தண்ணீரில் நிற்கும். ஜப்பான் ஐரிஸ் வளரும் பருவத்தில்தான் ஈரம் கேட்கும். குளிர்காலத்தில் கிழங்கு மூழ்கிக் கிடந்தால் அழுகும். எது என்று தெரியாமலா வாங்கினீர்கள்?

தோட்டக்காரி: பாவம், விடுங்கள் ஐயா. ஐரிஸை எடுத்துவிட்டு வெள்ளைக் கல்லா லில்லி வையுங்கள். குளிரும் சேறும் அதற்குக் கொண்டாட்டம்.

சதுப்புநிலம்: அந்தக் கொண்டாட்டம்தான் சிக்கல். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செடி அது, நீலகிரியின் சதுப்புகளில் தானாகப் பரவிக் கிடக்கிறது. மிஞ்சிய கிழங்கை ஓடையில் வீசுகிறவர்களால் வந்த வினை.

தோட்டக்காரி: என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. ஓர் அடிகூட நகரவில்லை.

சதுப்புநிலம்: கிணற்றடியில் நகராது. ஓடைக்கரையில் வந்து பாருங்கள்.

மண்வெட்டி: மலைவீடு, மஞ்சள் எப்படி இருக்கிறது? நுனி கருகியிருக்கிறதா, நரம்பு பச்சையாக இருந்து நடுவே வெளுக்கிறதா?

மலைவீடு: நரம்பு பச்சை. புதுக் குருத்தில்தான் அதிகம்.

மண்வெட்டி: அப்படியென்றால் பனி அல்ல, இரும்புச்சத்து கிடைக்கவில்லை. குளம் எதனால் கட்டியது?

மூத்தவேர்: நீலகிரி மண் அமில மண். தேயிலையே விளைகிறது. இரும்புக் குறைபாடு வர வாய்ப்பே இல்லை.

மலைவீடு: சிமெண்ட் தொட்டி. போன மாதம் பூசியது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. 4 மீன் விட்டேன், 2 இறந்துவிட்டன. அதைத் தனி இழையில் கேட்கலாம் என்றிருந்தேன்.

மண்வெட்டி: அதை முதலில் சொல்லியிருக்கலாமே! வேர் நிற்பது தேயிலை மண்ணில் அல்ல, சுண்ணாம்புத் தண்ணீரில். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பு மண்ணில் இருந்தும் ஐரிஸால் உறிஞ்ச முடியாது. மீதி மீனை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஐரிஸை வெளியே எடுத்து, ஈரம் காயாத நிழலில் வையுங்கள். குளத்தைத் தேய்த்துக் கழுவி, நிரப்பிச் சில நாள் விட்டு வடியுங்கள். பலமுறை செய்ய வேண்டியிருக்கும். தண்ணீரின் அமில, கார அளவைக் காட்டும் பி.எச். தாள் மீன் கடையில் கிடைக்கும், 7-ஐ ஒட்டி இறங்கிய பிறகு செடியை வையுங்கள். உரம் இனி வேண்டாம், தண்ணீர் பாசி பிடிக்கும்.

மூத்தவேர்: சிமெண்ட் என்று முன்பே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மலைவீடு: தாள் 9-க்கு மேல் காட்டுகிறது. செடி வெளியே, மீன் வாளியில். வசம்பைத் தொடவில்லை. நன்றி, சமையல்காரர் வந்துவிட்டார்.

தோட்டக்காரி: அந்த ஓடைக்கரை எங்கே என்று யாரும் சொல்லவில்லையே?